இட்லிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறுதோறும் காலை நடை முடித்து, நானும் என் பள்ளித் தோழரும் சேலம் ஐந்து ரோடு சந்திப்புப் பக்கம் டிபன் சாப்பிடப் போவோம். இருபது வருடப் பழக்கம். போன வாரம் புதிதாகத் திறந்த ஓர் ஓட்டலுக்குப் போனோம். இட்லி பஞ்சு மாதிரி. சட்னியில் தேங்காய்க்குக் குறைவில்லை. ஆனால் தட்டில் வாழை இலைக்குப் பதிலாக, இலை போலவே பச்சையாக அச்சடித்த பிளாஸ்டிக் தாள். கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை ஊற்றியதும் தாளின் ஓரம் சுருண்டு எழும்பியது. நண்பர் இட்லியைப் பிட்டார், தாளும் ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு வந்த மனிதர்!

இந்தத் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கேட்டால், "இலை விலை ஏறிடுச்சுங்க" என்கிறார் கல்லாவில் இருந்தவர். சரி, இலை வேண்டாம். எவர்சில்வர் தட்டைச் சுடுதண்ணீரில் கழுவி அப்படியே கொடுங்கள், போதும்.

மாநகராட்சியும் உணவுப் பாதுகாப்புத் துறையும் காலை டிபன் நேரத்திலேயே வந்து பார்க்க வேண்டும். அப்புறம், பார்சல் கட்டும் மேசையையும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.