இரும்பாலையை விற்காதீர்கள்: மத்திய உருக்குத்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

சேலம், ஆகஸ்ட் 2019

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம், துர்காபூர், பத்ராவதி ஆகிய ஊர்களில் உள்ள பொதுத்துறை உருக்காலைகளை வாங்க விருப்பமுள்ளவர்கள் முன்வரலாம் என்று சென்ற மாதம் அறிவித்தீர்கள். அன்று முதல் எங்கள் ஊரில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். கோரிக்கை ஒன்றுதான்: அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள்.

இது சும்மா வந்த ஆலை இல்லை. 1967 ஜூலையில் அண்ணாவின் அரசு ‘எழுச்சி நாள்’ என்று ஒரு நாளை நடத்தி, சேலத்துக்கு இரும்பாலை வேண்டும் என்று மத்திய அரசிடம் கேட்டது. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். உற்பத்தி தொடங்க 1981 ஆகிவிட்டது. அதுவும் எங்கள் ஊரை அடுத்த கஞ்சமலையின் இரும்புத் தாதுவை உருக்கும் முழு ஆலையாக அல்ல, வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருளைத் தகடாக்கும் ஆலையாக. அதையும் ஏற்றுக்கொண்டோம். அந்தத் தகட்டில் செய்த தூக்குப்போசி எங்கள் வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அரசு வெளியிடும் நாணயங்களுக்கும் இங்கிருந்து அச்சுக் குத்தாத வட்ட வில்லைகள் போயின.

நிலத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கஞ்சமலை அடிவாரத்தில் சோளமும் கடலையும் விளைந்த காடுகளை, கிணறுகளோடு சேர்த்து, விவசாயிகள் அன்றைய விலைக்கு விட்டுக்கொடுத்தார்கள். சர்க்கார் ஆலை வருகிறது, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கொடுத்தது அது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று ஒப்பந்தக் கூலிகள். ஆலையை வாங்குகிறவர் மண்ணையும் சேர்த்தே வாங்குவார். அந்தப் பெரியவர்கள் தனியாருக்கு விற்கவா காட்டைக் கொடுத்தார்கள்? யாரிடம் கேட்டு இந்த முடிவை எடுத்தீர்கள்?

நட்டம் என்கிறீர்கள். 2010இல் இங்கேயே எஃகை உருக்கும் கூடம் வந்தபோது அதன் கடனும் வட்டியும் ஆலையின் தலையில் ஏறின. மின்கட்டணம் கழுத்தை நெரிக்கிறது. இந்தோனேசியாவிலிருந்து சுங்கவரி இல்லாமல் மலிவு எஃகு வந்து குவிகிறது. இதில் எதைத் தொழிலாளி தீர்மானித்தான்? வரியும் வட்டியும் மின்சாரமும் அரசுகளின் கையில் இருக்கிறது, தண்டனை மட்டும் அவனுக்கு. கட்டுவதற்குப் பொதுப்பணம், லாபம் வரும் நாளில் தனியார் என்பதே எல்லாப் பொதுத்துறைக்கும் விதியாகிவிட்டால், இனி எந்த ஊர் அரசை நம்பி நிலம் கொடுக்கும்?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். விற்பனை அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். ஆலைக்குச் சொந்த மின் நிலையம் கொடுங்கள். ஒருமுறை நேரில் வந்து, நிலம் கொடுத்தவர்களையும் பார்த்துப் பேசுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேலத்துக்காரன் ஒருவன்