இடிந்த மடத்தில் உறங்கும் ராஜா

அன்புள்ள கண்ணம்மா,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே? இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு மறுபடியும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறார்.

போன வாரம் வீட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்று சொல்லும்போதே உன் குரல் கம்மிவிட்டது. நானும் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் நின்றுபோகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் ரெடிங் ஊரில் புதைந்துகிடக்கும் இங்கிலாந்து ராஜாவிடமிருந்து தொடங்குகிறேன். அவரை நினைத்துத்தான் எனக்கு இந்த எண்ணமே உறுதியானது.

உன் பிரசவத்துக்கு வந்திருந்தபோது நீ தூங்கும் நேரத்தில் குட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து ஃபோர்பரி தோட்டத்துக்குக் கூட்டிப் போவேன், ஞாபகம் இருக்கிறதா? அதை ஒட்டித்தான் ரெடிங் மடத்தின் இடிபாடுகள். 1539-இல் மடத்தை மூடிய பிறகு, செதுக்கிய நல்ல கற்களையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் நிற்பது சுவரின் உள்ளீடுதான், வெறும் சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்பும். அந்த மண்ணுக்குள் எங்கோ முதலாம் ஹென்றி கிடக்கிறார். சரியான இடம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. முப்பது வருஷம் வகுப்பில் வெறும் பெயராகச் சொன்ன ஒருவர், என் பேரனின் தள்ளுவண்டி போகும் வழியில் இருக்கிறார் என்பது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா!

அவர் ராஜாவான விதத்தைக் கேள். 1100 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, அவருடைய அண்ணன் இரண்டாம் வில்லியம் நியூ ஃபாரஸ்ட் காட்டில் வேட்டையாடும்போது அம்பு பட்டு இறந்தார். மூத்த அண்ணன் ராபர்ட் சிலுவைப் போருக்குப் போய்த் திரும்பும் வழியில் இருந்தார். ஹென்றி நேரே குதிரையை வின்செஸ்டருக்கு விட்டார், ஏனென்றால் கஜானா அங்கேதான் இருந்தது. மூத்தவருக்குத்தான் உரிமை என்று அங்கே ஒருவர் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஆகஸ்ட் 5-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு நடந்துவிட்டது. மூன்றே நாள்!

அந்தக் காலத்தில் மூத்த பிள்ளைக்குத்தான் பட்டம் என்று இங்கிலாந்தில் அசைக்க முடியாத விதி ஏதும் இல்லை. ராஜ ரத்தம் வேண்டும், பெரிய பிரபுக்களின் சம்மதம் வேண்டும், ஆயர் தலையில் திருத்தைலம் பூசவேண்டும். ராஜா செத்தால் அவர் காத்துவந்த அமைதியும் கூடவே செத்ததாக அர்த்தம். அடுத்தவர் தலையில் எண்ணெய் விழும்வரை நாட்டைக் கேட்க ஆளில்லை. அதனால் யார் முந்துகிறாரோ அவருக்கு நாடு.

ஹென்றிக்கு முறையான மனைவியிடம் பிழைத்த பிள்ளைகள் இரண்டு பேர்தான். மட்டில்டா, வில்லியம். மற்ற பெண்களிடம் பிறந்தவர்கள் இருபதுக்கு மேல், ஆனால் அவர்களுக்குப் பட்டம் கிடையாது. 1120 நவம்பர் 25-ஆம் தேதி இரவு இன்றைய பிரான்சில் இருக்கும் நார்மண்டியின் பார்ஃப்ளூர் துறைமுகத்திலிருந்து எல்லோரும் இங்கிலாந்துக்குக் கிளம்பினார்கள். ராஜா ஒரு கப்பலில் முன்னால் போய்விட்டார். பதினேழு வயது வில்லியம் தன் கூட்டாளிகளோடு 'வெள்ளைக் கப்பல்' என்ற புதுக் கப்பலில் ஏறினான். சுமார் முந்நூறு பேர். மாலுமிகளுக்கும் திராட்சை ரசம் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ராஜாவின் கப்பலை எட்டிப் பிடிக்கலாம் என்று இருட்டில் வேகமாகத் துடுப்புப் போட்டதில் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போதே பாறையில் மோதிவிட்டது. இளவரசனைச் சின்னப் படகில் ஏற்றித் தள்ளிவிட்டார்கள், அவன் தப்பித்திருக்கலாம். ஆனால் அக்கா முறையான ஒருத்தி, ராஜாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்தவள், "என்னை விட்டுவிட்டுப் போகாதே" என்று கதறியது காதில் விழுந்ததாம். படகைத் திருப்பச் சொன்னான். தண்ணீரில் தத்தளித்தவர்கள் எல்லோரும் அந்தப் படகைப் பற்ற, அதுவும் மூழ்கிவிட்டது. விடியும்போது உயிரோடு இருந்தவன் ருவான் நகரத்துக் கசாப்புக்காரன் ஒருவன் மட்டும்.

ராஜாவிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மறுநாள் ஒரு சின்னப் பையனை அனுப்பினார்கள். அவன் அழுதுகொண்டே காலில் விழுந்து சொன்னான். ராஜா அப்படியே சரிந்துவிட்டார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். பெரியவர்கள் இத்தனை பேர் இருக்க, அந்தப் பிள்ளையின் தலையிலா அதைக் கட்டவேண்டும்?

அடுத்த வருஷமே, 1121-இல், அவர் ரெடிங் மடத்தைத் தொடங்கினார். அதன் சாசனத்தில் அப்பா, அம்மா, அண்ணன், மனைவி ஆகியோரின் ஆன்மாக்களோடு 'என் மகன் வில்லியம்' என்றும் சேர்த்திருக்கிறார். நீ வேலைக்குப் போகும் வழியில் பார்க்கும் அந்தச் சுவர் பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா கட்டியது, கண்ணு.

இரண்டாவது கல்யாணமும் செய்து பார்த்தார், குழந்தை பிறக்கவில்லை. மிஞ்சியது மகள்தான். மட்டில்டாவை எட்டு வயதிலேயே ஜெர்மனிக்கு அனுப்பி, அங்கே பேரரசருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். 1125-இல் கணவர் இறந்ததும் அப்பா திரும்ப அழைத்துக்கொண்டார். 1127 ஜனவரியில் பிரபுக்கள் எல்லோரையும் கூட்டி, எனக்குப் பிறகு இவள்தான் என்று சத்தியம் வாங்கினார். ராஜாவின் அக்கா மகன் ஸ்டீவனும், வேறொரு பெண்ணிடம் பிறந்த ராஜாவின் சொந்த மகன் ராபர்ட்டும், யார் முதலில் சத்தியம் செய்வது என்று போட்டி போட்டார்கள். மறு வருஷம், பிரான்சுப் பக்கம் இருந்த ஆஞ்சு நாட்டு ஜெஃப்ரிக்கு அவளைக் கட்டிவைத்தார். அவளுக்கு 26, மாப்பிள்ளைக்கு 14. அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இனிமேல்தான் எனக்குப் பெரிய விஷயம். ஊரைக் கூட்டிச் சத்தியம் வாங்கினாரே தவிர, தாம் இருக்கும்போது மகள் கையில் ஒரு கோட்டைச் சாவியைக்கூடக் கொடுக்கவில்லை. சீதனமாகச் சொன்ன நார்மண்டி எல்லைக் கோட்டைகளை மகளும் மருமகனும் கேட்டார்கள். எனக்குப் பிறகுதான் என்றார். அது சண்டையாகவே முற்றிவிட்டது. 1135 டிசம்பர் 1-ஆம் தேதி நார்மண்டியில் அவர் உயிர் போகும்போது மகள் கர்ப்பமாக, மனஸ்தாபத்தோடு, ஆஞ்சுப் பக்கம் இருந்தாள். வைத்தியர் வேண்டாமென்ற லாம்ப்ரே மீனைச் சாப்பிட்டு நோயில் விழுந்தார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஸ்டீவன் போலோன் பக்கம் இருந்தார், கடலைக் கடந்தால் இங்கிலாந்து. லண்டன் அவரை வரவேற்றது. வின்செஸ்டரில் ஆயராக இருந்தவர் அவருடைய சொந்தத் தம்பி, கஜானாவும் கைக்கு வந்தது. சாகும்போது ராஜா மனசு மாறிவிட்டார் என்று ஒரு பிரபு சத்தியம் செய்து சொன்னார். டிசம்பர் 22-ஆம் தேதி முடிசூட்டு. ஹென்றியின் உடல் அப்போதும் நார்மண்டியில், காற்று சாதகமாகத் திரும்பக் காத்துக்கிடந்தது. உப்பிட்டு, மாட்டுத்தோலில் சுற்றி, 1136 ஜனவரியில்தான் ரெடிங்குக்கு வந்து சேர்ந்தது. அடக்கத்துக்கு ஸ்டீவன் ராஜாவாகவே வந்து நின்றார். தம் அண்ணனிடம் ஹென்றி முந்தியதைப் போலவே அவர் மகளிடம் இன்னொருவர் முந்திக்கொண்டார்.

மட்டில்டா விட்டுவிடவில்லை. 1141-இல் லிங்கன் போரில் ஸ்டீவனைச் சிறைபிடித்தது அவள் பக்கம். லண்டன் வரை வந்தும் ஊர்க்காரர்கள் திரண்டு துரத்த, முடிசூடாமலே திரும்பினாள். 1142 செப்டம்பரில், அதற்குள் விடுதலையாகியிருந்த ஸ்டீவனின் படை அவள் இருந்த ஆக்ஸ்ஃபோர்டு கோட்டையை வளைத்துக்கொண்டது. டிசம்பரில், பனியோடு பனியாகத் தெரிய வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, உறைந்துகிடந்த தேம்ஸ் நதி மேல் நடந்து தப்பி, கடைசியில் வாலிங்ஃபோர்டு கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தாள். உங்கள் ஊரிலிருந்து அது தூரமில்லை. சண்டை 1153 வரை ஓய்ந்து ஓய்ந்து நடந்தது, ஊர்கள் எரிந்தன. ஸ்டீவனின் மகன் யூஸ்டஸ் திடீரென்று இறந்த பிறகுதான் சமாதானம் வந்தது. ஸ்டீவன் இருக்கும்வரை அவர், பிறகு மட்டில்டாவின் மகன். 1154-இல் அந்த மகன் இரண்டாம் ஹென்றியாகப் பட்டத்துக்கு வந்தார்.

அவர் தாத்தாவின் தப்பைச் செய்யக்கூடாது என்று நினைத்தார். 1170-இல், தாம் உயிரோடு இருக்கும்போதே, இருந்த பிள்ளைகளில் மூத்தவனுக்கு முடிசூட்டிவிட்டார். கிரீடம் கொடுத்தார், ஆனால் ஆள ஒரு துண்டு நிலம் கொடுக்கவில்லை. 1173-இல் மகன் தம்பிகளோடு சேர்ந்து அப்பா மேலேயே படையெடுத்தான். பிறகு ஒன்றுசேர்ந்து, மறுபடியும் முறைத்து, 1183-இல் பிரான்சில் மார்ட்டெல் என்ற ஊரில் வயிற்றுக்கடுப்பில் கிடந்தபோது அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினான். அப்பா, சூழ்ச்சியாக இருக்குமோ என்று பயந்து போகவில்லை. மன்னித்ததற்கு அடையாளமாக மோதிரத்தை மட்டும் அனுப்பினார். பிள்ளை இறந்துபோனான். நான் எத்தனை முறை படித்தாலும் அந்த மோதிரத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

அப்புறம் 1199, 1216 என்று ஒவ்வொரு ராஜாவின் சாவும் ஒவ்வொரு கலக்கம். 1272-இல் மூன்றாம் ஹென்றி இறந்தபோதுதான் வழக்கம் மாறியது. மகன் எட்வர்ட் எங்கோ சிசிலியில் இருந்தும், அவர் வந்து முடிசூட இரண்டு வருஷம் ஆகியும், தகப்பனை அடக்கம் செய்த நாளிலிருந்தே அவரை ராஜாவாக எண்ணினார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கிணற்றடி வயல் என் மகளுக்குத்தான் என்று உன் தாத்தா ஊரே கேட்கச் சொல்லியிருந்தார். மாமன்களும் சரி சரி என்று தலையாட்டினார்கள். எழுத்தில் வைக்கவில்லை. 1989-இல் தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. எனக்கு 1986-இல் கல்யாணம். 2005-இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியபோது எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி வருஷங்கள் ஓடியிருந்தன. வயல் போனதைவிட, அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசலை நான் ஆறு வருஷம் மிதிக்காமல் இருந்ததுதான் இன்னும் வலிக்கிறது. தாத்தா இருந்திருந்தால் தாங்கியிருக்கமாட்டார்.

அதனால் நானும் அப்பாவும் முடிவு செய்துவிட்டோம். இந்த வீடு உனக்கும் தம்பிக்கும் சரிபாதி, நாங்கள் இருக்கும்வரை எங்களுக்குக் குடியிருக்கும் உரிமை, இப்படி செட்டில்மென்ட் பத்திரம் இப்போதே எழுதிப் பதிவு செய்யப்போகிறோம். வாயால் சொல்லிவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உன்னிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று என்று தனித்தனியாகப் பேசவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் காலை பத்து மணி, எங்களுக்கு மதியம் இரண்டரை, தம்பியையும் வீடியோ காலில் வரச் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்க நீ கேள், நீ கேட்க அவன் கேட்கட்டும். மனசில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடு, நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்த மடத்தில் ராஜாவின் காலடியில் ஒரு குழந்தையையும் புதைத்திருக்கிறார்கள். மட்டில்டாவின் பேரன், இரண்டாம் ஹென்றியின் முதல் பிள்ளை, அவன் பெயரும் வில்லியம். 1156-இல் மூன்று வயதுவாக்கில் வாலிங்ஃபோர்டில் இறந்தான். இருந்திருந்தால் அடுத்த ராஜா அவன்தான். குட்டியை அந்தப் பக்கம் கூட்டிப்போனால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா.

டிசம்பரில் வரும்போது பத்திர ஆபீஸ் வேலைக்கென்று இரண்டு நாள் லீவு சேர்த்துப் போடு. ஆதார் கார்டை மறக்காமல் எடுத்து வை.

அன்புடன்,
அம்மா