மனுவின் மூன்றாம் பந்தி

திருகோணமலை,
மார்கழி.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மனுவை அச்செடுத்து, பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் கோயில் நிர்வாகத்தினர் டென்மார்க் பொலிஸாருக்குக் கொடுக்க எழுதியிருக்கும் மூன்று பக்கங்களில், மதுச்சாலை ஒன்று பிள்ளையாரின் கையில் பியர்க் குவளையைக் கொடுத்துச் சுவரொட்டி அடித்ததைப் பற்றி இரண்டரைப் பக்கம் இருக்கிறது. அதே கிழமையில் யாரோ கோயில் மண்டபத்து யன்னலைக் கல்லால் உடைத்து, கதவில் 'ஊருக்குப் போங்கள்' என்று எழுதிவிட்டுப் போனதைப் பற்றி நான்கே வரிகள். இதை டேனிஷ் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும்படி உன்னிடம் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாமா என்று நீ என்னிடம் கேட்கிறாய். முப்பது வருடங்களுக்கு மேலாக நீதிமன்றங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்ற முறையிலும், உன் தகப்பன் என்ற முறையிலும் மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எனக்குச் சுரணையில்லை என்று நினைத்துவிடாதே. நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்காததற்காக இன்னொருவனைச் சிறைக்கு அனுப்பலாமா என்பது வேறு கேள்வி. மனுவின் மூன்றாம் பந்தி அந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. 'எமது மனம் புண்பட்டுள்ளதால் தக்க தண்டனை வழங்குக' என்பதுதான் அந்தப் பந்தியின் சாரம்.

அவர்கள் துணைக்கு அழைக்கும் சட்டத்தை நீ அனுப்பிய பிரதியில் பார்த்தேன். டென்மார்க் தன் பழைய தெய்வ நிந்தனைச் சட்டத்தை 2017இல் நீக்கிவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் அங்கு ஒருவர் கடைசியாகத் தண்டிக்கப்பட்டதே 1946இல்தான். பிறகு குர்ஆன் பிரதிகள் தெருவில் எரிக்கப்பட்டு, அதனால் பல நாடுகளுடன் முறுகல் வந்து, 2023 டிசம்பரில் புதிய சட்டமொன்றை நிறைவேற்றினார்கள். அங்கீகரிக்கப்பட்ட சமயங்களின் முக்கிய நூல்களைப் பொதுவிடத்தில் இழிவாகக் கையாள்வதைத்தான் அது தடுக்கிறது. நூல் என்றால் நூல். முதல் வரைவில் 'பொருட்கள்' என்று பரந்து கிடந்த சொல்லைப் பிறகு 'எழுத்து' என்று அவர்களே சுருக்கிக்கொண்டார்கள். ஆகவே பிள்ளையாரின் கையில் குவளை கொடுத்த சுவரொட்டி அதற்குள் அடங்குவதாக எனக்குத் தெரியவில்லை. அடங்காததை அடங்கும் என்று நீ மொழிபெயர்க்க முடியாது.

நம் நாட்டுச் சட்டத்தில் இந்த விடயம் எப்படி நிற்கிறது என்பதையும் நீ அறிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒருவன் எதை நம்பவும் தரும் சுதந்திரத்துக்கு எந்த வரம்பும் இடவில்லை. நம்பியதை வழிபாடாகவும் போதனையாகவும் வெளியே நடத்தும் உரிமை 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது, பேச்சுரிமையும் அங்கேதான். அவற்றுக்கு 15ஆம் உறுப்புரை வேலி போடுகிறது. பேச்சுக்கான வேலிகளில் இன, மத நல்லிணக்கமும் ஒன்று. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் 9ஆம் உறுப்புரையும் அதே புத்தகத்தில் இருப்பதை மறந்து இவற்றை வாசிக்கக் கூடாது. உள்ளே நம்புவதற்கு வேலி இல்லை, வெளியே நடத்துவதற்கு உண்டு என்ற அந்தப் பிரிவை நான் மதிக்கிறேன். எந்த வேலியை எங்கே போடுவது என்பதில்தான் சண்டை.

நம் ஒழுங்கையிலேயே ஒரு முறை அந்தச் சண்டை வந்தது. நீ வெளிநாடு போன பிறகு. ஆடிப்பூரத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே வேப்பமரத்தில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டி, விடிய நாலரைக்குப் பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். மரத்துக்கு நேரெதிரே உள்ள வீட்டில் பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தவர் நம் ஆள்தான், அதே அம்மனைக் கும்பிடுகிறவர்தான். அவருடைய மனைவி கேட்டதற்காக நான் நிர்வாகத் தலைவரிடம் போனேன். வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி பற்றித் தொடங்கிய வழக்கில், இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் பொதுவாக அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னதையும், கேட்க விரும்பாதவனைக் கேட்கும்படி கட்டிப்போட எந்தச் சமயத்துக்கும் உரிமையில்லை என்பதே அதன் அடிப்படை என்பதையும் விளக்கினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அம்மாளின்ர பாட்டு உங்களுக்குப் புண்படுத்துதோ ஐயா?" என்று கேட்டார். நித்திரையைப் பற்றிப் பேசப் போனவனுக்குச் சமயப் பற்றில் குறை என்றாகிவிட்டது. கடைசியில் ஒரு ஒலிபெருக்கியைக் கோயிலின் பின்பக்கம் திருப்பினார்கள். அதுவும் மின்பொறி எரிந்துபோனதால்தான் என்று பிறகு தெரிந்தது.

இதைவிட என் தொழிலில் கண்டது உனக்குப் பயன்படும். யுத்தக் காலத்தில் ஒரு நாள், சென்றியில், அதாவது இராணுவச் சோதனைச் சாவடியில், பிடிபட்ட பொடியன் ஒருவனின் பையிலிருந்த துண்டுப்பிரசுரத்தை மொழிபெயர்க்கும்படி என்னிடம் தந்தார்கள். மஞ்சள் தாள், மேலே வேல், அதன் கீழே தடித்த எழுத்தில் 'சத்துரு சங்கார யாகம்'. அவனைப் பிடித்தவர்களில் கொஞ்சம் தமிழ் தெரிந்த யாரோ அதை 'எதிரிகளைக் கொல்லும் நிகழ்ச்சி' என்று சிங்களத்தில் எழுதிக் கோப்பில் வைத்திருந்தார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிழை என்று அடித்துச் சொல்லவும் முடியாது! முருகனுக்குச் செய்யும் யாகம் இது, கடனும் நோயும் கண்ணூறும் நீங்கச் செய்வது, ஐயர் ஒருவர் நெய் ஊற்றுவதைத் தவிர அங்கு வேறெதுவும் நடக்காது என்று ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதிக் கையொப்பமிட்டேன். அதற்குள் அவன் இரண்டு இரவு உள்ளே இருந்துவிட்டான்.

அது பழைய கதை, இப்போது அப்படி நடக்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2020 மே மாதத்தில் அஹ்னஃப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியரைத் தமிழில் கவிதைத் தொகுப்பு வெளியிட்டதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் வரிகள் உள்ள கவிதைகளையே தீவிரவாதம் என்று வாசித்திருந்தார்கள். பிணையில் வெளியே வர 2021 டிசம்பர் ஆயிற்று. புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்ய 2023 டிசம்பர் ஆயிற்று. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார விகாரை வாழ்க்கையைத் தொட்டு ஒரு சிறுகதை எழுதியதற்காக, 2019இல் ஐ.சி.சி.பி.ஆர். எனப்படும், குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கைச் சட்டத்தின் கீழ் நான்கு மாதங்கள் உள்ளே இருந்தார். அந்தச் சட்டம் 2007இல் வந்தது எதற்காக? வெறுப்பை விதைத்துப் பாகுபாட்டுக்கும் பகைமைக்கும் வன்முறைக்கும் ஆட்களைத் தூண்டுவதைத் தடுப்பதற்காக. எண்ணிக்கையில் சிறியவர்களைக் காக்க வந்த வேலி கதை எழுதியவனை அடைக்கும் பட்டியாக மாறியதற்கும், வேறு சட்டத்தில் கவிதை எழுதியவன் உள்ளே போனதற்கும் என் கணக்கில் ஒரே காரணம்தான். 'தூண்டினானா?' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'யாருக்காவது புண்பட்டதா?' என்று கேட்கத் தொடங்கினார்கள். தூண்டலுக்குச் சாட்சி தேவை. புண்பட்டதற்கு முறைப்பாடு கொடுக்க ஒரு ஆள் போதும், அந்த ஆளுக்குப் பின்னால் கூட்டம் இருந்தால் இன்னும் நல்லது.

உண்மையில் தடுத்திருக்க வேண்டிய பேச்சு எப்படியிருக்கும் என்பதையும் நாம் கண்டோம். 2014 ஜூனில் அளுத்கமவில் பொது பல சேனா அமைப்பின் பிக்கு ஞானசார தேரர் பேசிய கூட்டத்தின் பின் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இஸ்லாத்தைப் பற்றி அவர் 2016இல் சொன்ன வேறு வார்த்தைகளுக்காகக் கொழும்பு மேல் நீதிமன்றம் நான்கு வருடச் சிறை விதித்தது 2024 மார்ச்சில். எட்டு வருடம்! கவிஞனுக்கு விலங்கு தீர்ப்புக்கு முன்பே வந்தது. சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும், புண்பட்ட மனங்களை நிறுக்கும் தராசு எப்போதும் பெரும்பான்மையின் கையில்தான் இருக்கும். அங்கே நீங்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்.

2005 மே மாதத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அப்போது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். ஒரு நாள் விடிந்து பார்த்தால் பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் பக்கத்தில் புத்தர் சிலை இருந்தது. ஹர்த்தால், மூடிய கடைகள், முட்கம்பி, துப்பாக்கியோடு காவல். அந்த நாட்களில் நான் எழுதிக் கொடுத்த மகஜர்களின் பிரதிகள் இன்னும் அலுமாரியில் கிடக்கின்றன. போன கிழமை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'இந்துக்களின் உணர்வுகள் ஆழமாகப் புண்பட்டுள்ளன' என்று எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில்தான். அன்று நான் செய்த பிழை அது. சிலை இருப்பதால் என் மனம் புண்பட்டது என்று நான் சொன்னால், சிலையை எடுத்தால் எங்கள் மனம் புண்படும் என்று அவர்கள் சொல்வார்கள். பிறகு யாருடைய புண் பெரியது என்று எண்ணிக்கை பார்ப்பார்கள். பொது நிலத்தில் இரவோடிரவாகக் கட்டுவதற்கு யார் அனுமதி கொடுத்தது, அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள் என்ற ஒரே கேள்வியில் நான் நின்றிருக்க வேண்டும். கடந்த 2025 நவம்பரில் கடற்கரையில் சிலை வைத்தபோதும் பார். பொலிஸார் இரவில் எடுத்துப் போனார்கள், மறுநாளே கொண்டுவந்து வைத்தார்கள். கரையோரத்தில் அனுமதியில்லாமல் கட்டலாமா என்ற சின்னக் கேள்வி, நாடு முழுவதும் எழுந்த புண்பட்ட சத்தத்தில் அமிழ்ந்துபோயிற்று.

நாம் மட்டும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. 2018இல் நகரத்துப் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தார்கள் என்று நம்மவர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். பாடசாலையின் இந்துப் பண்பாடு புண்படுகிறது என்றார்கள். ஒரு பெண் தன் உடம்பை மூடிக்கொண்டு கணக்குப் படிப்பித்தால் என் பண்பாட்டுக்கு என்ன வந்துவிடும்? அன்று அந்த வழியாகச் சைக்கிளில் போன நான் கேட்கவில்லை. தெரிந்த முகங்கள் கூப்பிட்டதும் கையை அசைத்துவிட்டுப் போனேன். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலில் நிறைகுடம் வைக்கிறோமே, அன்று மாலை சந்தியில் கடை வைத்திருக்கும் காதர் மாமா தன் கடைக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிட்டுத்தான் மக்ரிப் தொழுகைக்குப் போவார். அவருடைய மகளும் ஆசிரியை. இரண்டு மூன்று மாதம் அவருடைய கடைக்குப் போக எனக்குக் கால் கூசியது.

இனி உன் மனுவுக்கு வருகிறேன். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்ததிலிருந்து தொடங்கும் முதலாம் பந்தியை முழுதாக வெட்டியிருக்கிறேன். கோயிலை இடித்தவனும் கோயிலைக் கேலி செய்தவனும் ஒரே குற்றவாளி அல்லர், அந்தப் பொலிஸ்காரருக்கு அந்தச் சரித்திரம் தேவையுமில்லை. மூன்றாம் பந்தியையும் அடித்திருக்கிறேன். சுவரொட்டி பற்றி நிர்வாகம் அந்த மதுச்சாலைக்காரருக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதலாம். பிள்ளையார் எங்களுக்கு யார், எந்தக் காரியத்தையும் அவரைக் கும்பிட்டுத் தொடங்குவது எப்படி என்று நாலு வரி, கோபமில்லாமல். வேண்டுமானால் கடைக்கு முன்னால் பதாகையோடு நிற்கலாம், அங்கே குடிக்கப் போகாமலும் இருக்கலாம். நம் பொடியன்கள் சிலருக்கு இந்தக் கடைசி யோசனைதான் கஷ்டமாக இருக்கும். அவன் எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

நான்கு வரியில் கிடக்கும் யன்னல்தான் உங்கள் மனு. யாரோ ஒருவன் கல்லோடு வந்திருக்கிறான், அங்கிருந்து போகச் சொல்லி எழுதியிருக்கிறான். மண்டபத்தில் பிள்ளைகள் வகுப்பு நடக்கும் நாளாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? அதை மூன்று பக்கத்துக்கு எழுதச் சொல். கல் விழுந்த நேரம், முதலில் கண்டவர் யார், கதவில் எழுதிய சொற்கள் எந்த மொழியில், எந்த நிறத்தில், யாராவது படம் எடுத்தார்களா, அதற்கு முன் தொலைபேசியில் மிரட்டல் ஏதும் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுது. 'புண்பட்டது' என்ற சொல்லை ஓரிடத்திலும் போடாதே. போட்டால் அவர்கள் சுவரொட்டிக்கே திரும்பிவிடுவார்கள்.

நிர்வாகத்தில் உன்னோடு கோபிப்பார்கள், எனக்குத் தெரியும். அப்பா அனுப்பிய திருத்தம் என்று சொல், என்னைத் திட்டட்டும். இன்னொன்று: உடைந்தது தெருப்பக்கத்து யன்னலா, பின்பக்கத்து யன்னலா என்று மனுவில் எங்கும் இல்லை. அதைக் கேட்டு அறிவி. அதன் பிறகு இரண்டாம் பக்கத்தைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா