ஆர்மீனியா போகலாமா என்று கேட்டாயே

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் வந்து மேசையில் கிடக்கிறது. பேத்திக்குப் பரீட்சை, வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்ததில் இன்றைக்குத்தான் கை ஒழிந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். அண்ணனை நம்பி விட்டாயானால் அவருக்கு நியூஸ் பார்க்கிற நேரத்தில் எதுவும் ஞாபகம் வராது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். முட்டி தாங்குமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதையெல்லாம் பின்னால் சொல்கிறேன். "நாள் முழுக்க சர்ச்சாகத்தானே காட்டுவார்கள், எனக்கு அதில் என்னடி இருக்கிறது?" என்று எழுதியிருந்தாயே, முதலில் அதற்குப் பதில்.

ஆமாம், சர்ச்சாகத்தான் காட்டுகிறார்கள். சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே ஒரு கட்டத்தில் எது எந்த மடம் என்று குழம்பிப் போயிற்று. எல்லாம் எரிமலைக் கல், கூம்பு வைத்த கோபுரம், உள்ளே இருட்டு. பஸ்ஸில் பின்சீட்டு ஆட்கள் "இன்னொன்றா!" என்று முனக ஆரம்பித்துவிட்டார்கள். எங்களை அழைத்துப் போன டூர்காரர்களும் ஒரே நாளில் நாலைந்தை அடைத்துவிடுகிறார்கள். அரை மணி நேரம் சர்ச்சில், முக்கால் மணி நேரம் பிராந்திக் கடையில். இதைச் சொல்லாமல் உன்னை அனுப்பினால் வந்து என்னைத்தான் ஏசுவாய்.

ஆனால் நீ முப்பது வருஷம் சரித்திரம் நடத்தினவள். தலைநகர் யெரெவானில் மாத்தெனதரான் என்று ஒரு பழஞ்சுவடிக் காப்பகம் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு அந்தச் சர்ச்சுகளெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. டூரில் அதைக் கடைசியில் வைத்திருந்தார்கள். முதல் நாளே வைத்திருக்க வேண்டியது.

பெரிய சாலை ஒன்று ஏறிப் போய் முடிகிற மேட்டில் நிற்கிறது. வாசலில் மெஸ்ரோப் மஷ்டோட்ஸ் சிலை. 405-ஆம் ஆண்டு வாக்கில் ஆர்மீனிய மொழிக்கு எழுத்து வகுத்துக் கொடுத்தவர். துறவி. அவரைப் புனிதராகவே வணங்குகிறார்கள். ஓஷகான் என்ற ஊரில் ஒரு சர்ச்சுக்கு அடியில் அவர் கல்லறை, அங்கேயும் மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். எழுத்து கொடுத்தவருக்குக் கோயில் கட்டின ஜனங்கள்!

உள்ளே ஏறக்குறைய 23,000 சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. நமக்குக் காட்டுவது கொஞ்சம்தான். அதில் ஒன்று முஷ் நகரத்துப் பிரசங்கத் தொகுப்பு. 1200-இல் தொடங்கி 1202-இல் எழுதி முடித்தது. நூற்றுக்கணக்கான கன்றுகளின் தோல், எடை 28 கிலோ. 1915-இல் ஆட்டோமான் துருக்கியர் ஆட்சியில் ஆர்மீனியர் படுகொலை நடந்து ஊரே ஓடிக்கொண்டிருந்தபோது, பாழாய்க் கிடந்த ஒரு மடத்தில் இரண்டு பெண்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவராகத் தூக்க முடியாது. இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி சுமந்திருக்கிறார்கள். ஒருத்தி ஆர்மீனியச் சபையின் தலைமையிடமான எச்மியாட்சின் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். இன்னொருத்தியின் பாதி துருக்கியில் எர்ஸுரூமில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, பிறகு ஒரு ராணுவ அதிகாரி கண்ணில் பட்டு, கடைசியில் அதுவும் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளையையும் துணிமூட்டையையும் தூக்கிக்கொண்டு உயிர் தப்பினால் போதும் என்கிற நேரத்தில், படிக்கக்கூடத் தெரிந்திருக்குமோ என்னவோ, இரண்டு பெண்கள் பதினாலு பதினாலு கிலோ புத்தகத்தைச் சுமந்து நடந்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை. பக்கத்திலேயே 1434-இல் எழுதிய சின்னஞ்சிறு சர்ச் பஞ்சாங்கம். அது 19 கிராம்தான்!

இன்னொன்று கேள். படையெடுத்து வந்தவர்கள் சுவடியைக் கொள்ளையடித்துப் போனால், ஊரார் காசு சேர்த்துப் பிணைத்தொகை கொடுத்து மீட்பார்களாம். யார் மீட்டது, எவ்வளவு கொடுத்தது என்பதையும் அதன் கடைசிப் பக்கங்களிலேயே எழுதி வைப்பார்களாம். பல நூற்றாண்டுகள் அவர்களுக்கென்று ராஜா கிடையாது. ஒரு பக்கம் ஆட்டோமான், ஒரு பக்கம் பாரசீகம். அந்தக் காலமெல்லாம் சபையும் எழுத்தும்தான் அவர்களுக்கு நாடாக இருந்திருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் மடங்கள் சலிக்காது. அவை வெறும் ஜெபக்கூடங்கள் இல்லை. சுவடி எழுதின பள்ளிக்கூடங்கள், வம்சக் கல்லறைகள், பதுங்குகிற கோட்டைகள் எல்லாம் அவைதான்.

நான் தமிழ்நாடு என்று சொன்னதும் எங்கள் வழிகாட்டிப் பெண் "மெட்ராஸா?" என்று முகம் மலர்ந்தாள். உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை வெளிவந்தது அங்கேதானே என்றாள். 'அஸ்தரார்', 1794. ஹாருத்யூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியார் நடத்தியது. உனக்குப் பக்கத்தில்தான், பாரிமுனை அரண்மனைக்காரத் தெரு ஆர்மீனியன் சர்ச் வளாகத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறது. அதற்கும் முன்னாலேயே, 1773 என்று தேதி போட்டு, சுதந்திர ஆர்மீனியாவுக்கு ஓர் அரசியல் சட்ட நூலை மெட்ராஸில் இருந்த ஆர்மீனிய வணிகர்கள் அச்சடித்திருக்கிறார்கள். நாடே கையில் இல்லை, சட்டம் தயார்! சைதாப்பேட்டையில் 1726-இல் பழைய பாலத்தைக் கட்டியதும், பரங்கிமலைக்குப் படி போட்டதும் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரிதான். டிரெயினிங் காலேஜ் நாட்களில் அந்தப் படிகளில் மூச்சு வாங்க ஏறியிருக்கிறோமே!

சரி, எது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கெகார்டைத் தவறவிடாதே. போகிற வழியில் கார்னி என்ற பழைய கோயில் வரும், கிரேக்கத் தூண்களோடு. 1679 பூகம்பத்தில் விழுந்ததைச் சோவியத் காலத்தில் எடுத்துக் கட்டியது. ஒரு போட்டோ போதும். கெகார்ட் அப்படியில்லை. மலையைக் குடைந்து உண்டாக்கியது, 13-ஆம் நூற்றாண்டு வேலை. நம் கழுகுமலை வெட்டுவான் கோயில் மாதிரி மேலேயிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்திருக்கிறார்கள், ஆனால் இங்கே உள்பக்கம். உச்சியில் ஒரு துளை, அதிலிருந்து விழுகிற வெளிச்சம்தான். ஒரு குகைக்குள்ளேயே ஊற்று சுரந்து தரையில் வெட்டின வாய்க்காலில் ஓடுகிறது. அடுத்த அறையில் ப்ரோஷியான் வம்சத்தாரின் குலச்சின்னம்: காளைத்தலை ஒன்று வாயில் சங்கிலியைக் கவ்வியிருக்கிறது, சங்கிலியின் இரண்டு முனையிலும் இரண்டு சிங்கம், நடுவில் ஆட்டுக்குட்டியைப் பற்றின கழுகு. ஜெபம் பண்ணுகிற இடத்தில் இந்த மிரட்டல் எதற்கு என்று தோன்றியது. மாடியறையில் ஐந்தாறு பேர் வாத்தியம் ஏதுமில்லாமல் பாடினார்கள். பாட்டு நின்ற பிறகும் சத்தம் அறையை விட்டுப் போகவில்லை.

கோர் விராப்தான் அவர்கள் கதையெல்லாம் தொடங்குகிற இடம். த்ரதத் மன்னன் கிரகோரி என்ற கிறிஸ்தவரைப் பதின்மூன்று வருஷம் குழியில் போட்டு வைத்தான், பிறகு அவனுக்கே சித்தம் கலங்கி, கிரகோரி வந்து சுகமாக்கினார், 301-இல் நாடே கிறிஸ்தவமானது என்பது அவர்கள் பாரம்பரியம். அந்தக் குழிக்குள் இறங்கலாம். செங்குத்தான இரும்பு ஏணி, இருபதடி இருக்கும். நான் இறங்கினேன், நீ இறங்க வேண்டாம். கீழே காற்றே இல்லை, வேர்த்துக் கொட்டுகிறது. மேலேயே நின்று அராரத் மலையைப் பார். 5,137 மீட்டர், தலையில் பனி. அவர்கள் பாட்டிலும் படத்திலும் அரசு முத்திரையிலும் அந்த மலைதான். ஆனால் அது இருப்பது துருக்கியில். எல்லையை 1993-இல் மூடினது.

எச்மியாட்சினுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிற மாதிரிக் கேட்டுக்கொள். ஆராதனை நடக்கும். பழைய ஆர்மீனியத்தில், பாட்டும் தூபமுமாக நீண்டுகொண்டே போகிறது. பெரும்பாலோர் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள். நம் சர்ச் பெஞ்சின் அருமை அங்கேதான் தெரிந்தது. வெளியே போகிறவர்கள் பீடத்துக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து போகிறார்கள். ஹீல்ஸ் போட்ட ஒரு சின்னப் பெண் கூட்டத்தில் யார் மேலும் இடிக்காமல் வாசல் வரை அப்படியே போனாள். பரிசுத்த தைலத்தைப் பற்றியும் சொன்னார்கள். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பதுக்கு மேற்பட்ட மூலிகையும் பூவும் சேர்த்துக் காய்ச்சி, பழைய தைலத்தின் மிச்சத்தைப் புதியதில் கலந்துவிடுவார்களாம். விட்டுப்போகாமல் வருகிறது என்று நம்பிக்கை.

செவான் ஏரிப் பக்கம் நொராதுஸ் என்று ஒரு பழைய கல்லறைத்தோட்டம். கச்கார் எனப்படும் சிலுவைக் கற்கள் நூற்றுக்கணக்கில் புல்லுக்குள் நிற்கின்றன. பெரும்பாலும் சிலுவையில் இயேசுவின் உருவம் இல்லை, அடியிலிருந்து கொடியும் இலையுமாகத் துளிர்த்து ஏறுகிறது. ஒன்றின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன், பாசிக்கு அடியில் பின்னல் இன்னும் கூர்மையாக இருந்தது. பாட்டிமார் கம்பளிக் காலுறை பின்னி விற்கிறார்கள், உனக்கு ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். அஜர்பைஜானைச் சேர்ந்த நகிச்செவானில் ஜூல்ஃபாவிலும் இப்படி ஆயிரக்கணக்கில் இருந்தவற்றை 2005 வாக்கில் உடைத்து நொறுக்கிவிட்டார்கள் என்று சொன்னபோது வழிகாட்டிப் பெண் குரல் மாறிப் போயிற்று.

சாப்பாட்டுக்குப் பயப்படாதே. அவர்களுக்கு நோன்பு நாட்கள் அதிகம், அதனால் கறி, பால் இல்லாத பதார்த்தம் நிறைய உண்டு. "பசுத்ஸ்" என்று கேள், நோன்புச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். பயறு வகைகளை முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி வேகவைத்த டோல்மா நன்றாகவே இருந்தது. ஜிங்யாலோவ் ஹாட்ஸ் என்று பத்துப் பதினைந்து வகைக் கீரையை மாவுக்குள் பொதிந்து கல்லில் சுடுகிறார்கள். எனக்குச் சுட்டுக் கொடுத்த அம்மா கரபாக்கை அஜர்பைஜான் பிடித்தபோது, 2023-இல், அங்கிருந்த ஆர்மீனியர் எல்லோரோடும் வெளியேறி வந்தவர். வீட்டுச் சாவி இன்னும் கைப்பையில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.

முட்டி விஷயம்: நோராவாங்கில் சர்ச் முகப்பிலேயே கைப்பிடி இல்லாத ஒடுக்கமான கல்படி உண்டு, மேலே ஏறாதே. கீழே நின்று மோமிக் என்ற பழைய சிற்பியின் வேலையைப் பார்த்தால் போதும். ததெவ் மடம் ரொம்பத் தூரம், ஆனால் 5.7 கிலோமீட்டர் ரோப் கார் இருப்பதால் உனக்குச் சிரமமில்லை. செப்டம்பர், அக்டோபர் சரியான காலம். ஜூலையில் யெரெவான் நம்மூர் வெயிலுக்குச் சளைத்ததில்லை.

தேதி முடிவானால் எழுது. பணம் கட்டுவதற்கு முன் மாத்தெனதரானை முதல் நாளில் போடச் சொல்லிக் கேள், பிராந்திக் கடையை வெட்டச் சொல்லு. அண்ணனும் வருகிறார் என்றால் அதை வெட்ட விடமாட்டார், அது உங்கள் பாடு. கிறிஸ்துமஸுக்குப் பிறகு சென்னைக்கு வருகிறேன், காலுறையை அப்போது கொண்டுவருகிறேன். அரண்மனைக்காரத் தெரு சர்ச்சுக்கு ஒரு நாள் போய்வருவோம், ஷ்மவோனியன் கல்லறையை நீ முன்னாலேயே தேடி வைத்துவிடாதே.

அன்புடன்,
கிரேஸ்