பாட்டு போதும், மாலை நேரலையைத் திருப்பித் தாருங்கள்

நம் சமுதாய வானொலியின் நிலைய இயக்குநர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

புயல் கரை கடந்த அன்று மாலை நம் வானொலியில் என்ன போனது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதென்றால் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கு அனுமதி தந்தபோதே போட்ட நிபந்தனை. அந்தப் பதிவை எடுத்து, 6 மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். முடிந்தால் ஆர்.ஜே.க்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

மதியமே கரண்ட் போய்விட்டது. பின்னாலேயே செல்போன் டவரும் போனது. பேட்டரி ரேடியோ ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. அது பேசியதுதான் விஷயம். "வெயில் மண்டையப் பொளக்குது இல்ல மக்களே, ஜில்லுன்னு ஒரு பாட்டு கேப்போமா?" என்று, என்றைக்கோ பதிவு செய்துவைத்த குரல் சிரித்தது. வெளியே கூரைத் தகடுகள் பறந்துகொண்டிருந்தன.

எங்கள் தெருவில் பார்வையில்லாத பெரியவர் ஒருவர் தனியாக இருக்கிறார். உங்கள் மாலை நேரலையை நம்பித்தான் அவருடைய வாரம் ஓடியது. எந்த நாளில் மின்தடை, குடிநீர் எப்போது வரும், மருத்துவ முகாம் எங்கே என்று எல்லாமே அதில்தான் அவருக்குத் தெரியும். அப்போது நிகழ்ச்சி நடத்திய அம்மா, மின்தடைப் பட்டியலை இரண்டு முறை நிதானமாகப் படிப்பார். எழுதிவைத்துக்கொள்ள முடியாதவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டுமே என்று இந்தப் பெரியவர் ஒருமுறை போனில் கேட்டதிலிருந்து வந்த பழக்கம் அது. அந்த நேரலையை நீங்கள் நிறுத்தியபோது அவருக்குத் தகவல் சொல்ல யாரும் போகவில்லை. வானொலியில் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

அன்று மாலை ஏரி மதகைத் திறந்துவிட்டார்கள். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்படி ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று மெயின் ரோட்டில் சொல்லிக்கொண்டு போனதாம். காற்றில் எங்கள் தெருவுக்கு ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. இரவு தெருப் பையன்கள் போய்ப் பார்த்தபோது முழங்கால் அளவு தண்ணீர். பெரியவர் கட்டிலில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் தாத்தா முன்னாடியே கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "இந்தப் பாட்டு முடிஞ்சா சொல்வாங்க, அடுத்த பாட்டு முடிஞ்சா சொல்வாங்கன்னு இருந்துட்டேன்பா" என்றார். அதோடு விடவில்லை, "ஸ்டேஷன்லயும் தண்ணி ஏறியிருக்கும், பாவம், பிள்ளைங்க என்ன பண்ணுதுங்களோ" என்று உங்களுக்காகக் கவலைப்பட்டார். நிலையத்தில் யாருமே இல்லை, கம்ப்யூட்டர் தானாகவே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது என்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே கேட்கிறேன். மாலை நேரலையைத் திருப்பித் தாருங்கள்.

இதை உங்கள் அலுவலகத்தில் கேட்டபோது, "சமுதாய வானொலி செய்தி வாசிக்கக் கூடாதுங்க, ரூல்ஸ் அப்படி" என்று பதில் வந்தது. ரூல்ஸை முழுவதும் படித்தவர் யாராவது அங்கே இருந்தால் நல்லது. நாமே செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாதுதான். ஆகாசவாணிச் செய்தியை வாங்கி ஒலிபரப்பத்தான் அனுமதி. ஆனால் வானிலை, போக்குவரத்து, தேர்வு, வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் தருகிற மின்சார, குடிநீர் அறிவிப்புகள், இயற்கைப் பேரிடர், சுகாதார எச்சரிக்கை இவையெல்லாம் செய்திக் கணக்கில் வராது, தாராளமாகச் சொல்லலாம் என்று அதே விதிமுறையில் எழுதியிருக்கிறது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துக்கு நாங்கள் அனுப்பும் பெயர்களைத்தான் பங்கேற்பு என்று கணக்குக் காட்டுகிறீர்களா, தெரியவில்லை.

ஆர்.ஜே.க்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளைஞர்கள், துடிப்பானவர்கள், சம்பளமும் பெரிதாக இருக்காது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தனியார் எஃப்.எம். மாதிரிப் பேசு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்தான் கோபம். ஒரு விவசாயி தென்னையில் வெள்ளை ஈ என்று பேச ஆரம்பித்தால், "அண்ணே செம்ம, உங்களுக்குப் பிடிச்ச ஹீரோ யாரு?" என்று வெட்டுகிறார்கள். வயதான பெண்மணியைச் "செல்லக்குட்டி" என்கிறார்கள். நம் கோபுரத்தின் சக்தி 100 வாட். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் நம் குரல் இல்லை. அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு வேறு எவரும் சொல்லாததைச் சொல்லத்தானே இந்த வானொலி? சினிமாப் பாட்டு எல்லார் போனிலும் இருக்கிறது. எங்கள் ஏரியின் நீர்மட்டம் எந்தப் போனிலும் இல்லை.

வேறு ஊர் வானொலிகளைப் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால், பாம்பனில் 2016இல் மீனவர்களுக்காகத் தொடங்கிய கடல் ஓசையைப் பாருங்கள். தெலங்கானாவின் மாச்னூரில் தலித் விவசாயப் பெண்கள் 2008இல் தொடங்கிய சங்கம் ரேடியோவைப் பாருங்கள். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது இவர்களை மாதிரி ஆட்களுக்காகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டருக்காக இருக்காது.

ஆள் இல்லை, பணம் இல்லை என்பீர்கள். இருக்கலாம். மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் 2024இல் 12 நிமிடமாக உயர்ந்தது. அந்த நேரமெல்லாம் எங்கள் ஊரில் நன்றாகவே நிரம்பிவிட்டது. பிப்ரவரி 13, உலக வானொலி தினத்தன்று சிறப்பு விருந்தினர் மாலை வாங்கியதையும், பொன்னாடை வாங்கியதையும், அவருக்கு நன்றி சொன்னவருக்கு இன்னொருவர் நன்றி சொன்னதையும் முழுக்க நேரலையில் கேட்டோம். அன்றைக்கு மைக் வேலை செய்தது. ஆளும் இருந்தார்கள்.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. கேட்க வந்தது சிறியது. தினமும் மாலையில் அரை மணி நேரம் போதும், ஒரு மனிதர் மைக் முன்னால் உட்காரட்டும். பழைய அம்மாவை அழைத்தால் வருவார் என்றே நம்புகிறேன். இல்லையென்றால் எங்கள் பக்கத்திலிருந்து படிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர் முறைவைத்து, சம்பளமில்லாமல் வரத் தயார். புயல், வெள்ள எச்சரிக்கை வரும் நாட்களில் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு ஆள் இருக்கட்டும். நிகழ்ச்சி ஆலோசனைக் குழுவில் நேயர்கள் யார் யார் என்பதையும் அறிவித்துவிடுங்கள்.

தயவுசெய்து மாலை நேரலையைத் திருப்பித் தாருங்கள். இந்த மடலுக்குக் கடிதத்தில் பதில் வேண்டாம். பெரியவருக்கும் கேட்கிறமாதிரி, வானொலியிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு முறை, நிதானமாக.

இப்படிக்கு,
உங்கள் நேயர்