தட்டு மாற்றும் முன் கேட்க வேண்டிய பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும் பழக்கம் மெல்ல வருவது நல்ல செய்தி. ஆனால் பலர் 'ஃபுல் பாடி செக்கப்' எடுத்துவிட்டு நிம்மதியாகி விடுகிறார்கள். அதில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் இருக்கும். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் ரத்தக் குறையான தலசீமியாவுக்கான பரிசோதனை பெரும்பாலும் இருக்காது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் அந்தப் பரிசோதனையை ஹெச்பிஎல்சி என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் செய்வார்கள்.

அந்த ரிப்போர்ட்டில் ஹெச்பி ஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால், அவர் பெரும்பாலும் தலசீமியா மைனர், அதாவது அக்குறையைச் சுமப்பவர். அது நோயல்ல, மருந்தும் வேண்டாம். இருவருமே மைனர் என்றால்தான் சிக்கல்: ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தை தலசீமியா மேஜராக, அதாவது முழு நோயோடு, பிறக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு. அக்குழந்தைக்கு 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும்; அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்தும் வேண்டும்.

சாதாரண சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ரிப்போர்ட்டிலேயே குறிப்பு கிடைக்கும். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80க்குக் கீழே இருந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் கூடுதலாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். சோகை என்று சொல்லி மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குபவர்களில் சிலர் உண்மையில் மைனர்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. நிஜமாகவே இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஏ2 அளவு இறங்கி, மைனர் என்பதே மறைந்துவிடலாம். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பது நல்லது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதற்கெல்லாம் ஏது நேரம்? தட்டு மாற்றும் முன்பே செய்துவிட வேண்டும்.

சிந்தி, கச்சி, பஞ்சாபிக் குடும்பங்களில் மைனர்கள் அதிகம். நம் பிள்ளைகள் அங்கேயும் சம்பந்தம் செய்கிறார்கள். ஊரில் அக்கா மகளையோ மாமன் மகளையோ முடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே பாட்டன் வழியில் வந்த குறை இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுதல்.

பெண்ணை மட்டும் பரிசோதனைக்கு அனுப்புவது அநியாயம். இருவரும் சேர்ந்து போக வேண்டும். முடிவு பெற்றோருக்குப் போகும் முன் அவர்கள் இருவர் கைக்கும் வர வேண்டும். இருவரும் மைனராக இருந்தாலும் சம்பந்தத்தை முறிக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தின் 11ஆவது வாரம் வாக்கில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதித்துச் சிசுவின் நிலையை அறியலாம். அதே நாளில் ரத்த வகை, ஹெபடைடிஸ் பி, இருவர் சம்மதத்தோடு ஹெச்ஐவி ஆகியவற்றையும் பார்த்துவிடலாம்.

தங்கள் நாளிதழின் மணமகன், மணமகள் தேவை பகுதியில் நட்சத்திரமும் ராசியும் அச்சாகின்றன. அப்பகுதியின் தலைப்பில் 'இருவரும் ஹெச்பிஎல்சி பரிசோதனை செய்துகொள்ளுங்கள்' என்று ஒரு வரி வாரந்தோறும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மரபுநோய் ஆலோசகர்,
மாட்டுங்கா, மும்பை