மெஸ் பில்லில் தொடங்கிய கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செர்பிய மாணவர்களின் ஊழல் எதிர்ப்புப் போராட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அந்நாட்டின் நோவி சாட் நகர ரயில் நிலையத்தின் கூரை விழுந்ததில் தொடங்கி, நிதானமாகச் சொல்லிக்கொண்டு போன கட்டுரையாளர், முடிவில் "ஊழலைத் தட்டிக்கேட்டு நம் நாட்டு மாணவர்கள் இப்படி எழுந்ததே இல்லை" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். 1974-இல் நான் அகமதாபாத்தில் இருந்தவன்.

அங்கே ஒரு பஞ்சாலையில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை. மணிநகரில் நாங்கள் நாலு தமிழ்ப் பையன்கள் ஒரே அறையில் தங்கி, நாங்களே பொங்கித் தின்றோம். அந்தக் குளிர்காலத்தில் கடலை எண்ணெய் விலை ஏறிக்கொண்டே இருந்தது. குஜராத்திச் சமையலில் எண்ணெய் இல்லாமல் பருப்பு கூட வேகாது. மளிகைக்காரர் சின்ன அளவையில் எண்ணெயை ஊற்றிவிட்டு, அதைக் கவிழ்த்துப் பிடித்தபடி கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருப்பார். எங்களுக்கு ஒரு சொட்டு கூடுதலாகப் போய்விடக் கூடாதே என்று காத்திருக்கிறாரா, குறைந்துவிடக் கூடாதே என்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

1973 டிசம்பர் 20 அன்று எல்.டி. பொறியியல் கல்லூரி விடுதி மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காரணம், சாப்பாட்டுக் கட்டணத்தை 20 சதவீதம் ஏற்றியது. அவ்வளவுதான். ஆட்சி மாற்றம், சித்தாந்தம் என்று எதுவும் அன்றைக்கு அங்கே இல்லை. "சோற்றுக்காகச் சண்டையா?" என்று எங்கள் ஆலையில் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஜனவரி முதல் வாரத்துக்குள் மற்ற கல்லூரிகளும் சேர்ந்துகொண்டன, போலீஸ் தடியோடு இறங்கியது, 10-ஆம் தேதி அகமதாபாத்திலும் வதோதராவிலும் முழு அடைப்பு. இந்தப் போராட்டத்துக்கு நவநிர்மாண், அதாவது புது நிர்மாணம், என்ற பெயர் அப்புறம்தான் எல்லார் வாயிலும் வந்தது. மெஸ் கட்டணம் ஏன் ஏறியது? எண்ணெய் ஏறியதால். எண்ணெய் ஏன் ஏறியது? வியாபாரிகளிடம் முதலமைச்சர் பணம் வாங்கிக்கொண்டு கண்டும் காணாமல் விட்டுவிட்டார் என்பது ஊர்ப் பேச்சு. 'சிமன் சோர்', அதாவது சிமன் திருடன், என்று சின்னப் பிள்ளைகள் வரை கத்தினார்கள். காங்கிரஸ் முதலமைச்சர் சிமன்பாய் படேல் முன்னாள் பொருளாதாரப் பேராசிரியர், அதற்கும் முன்னால் மாணவர் தலைவர். விதி என்று சொல்வதா, வேடிக்கை என்று சொல்வதா!

தட்டு அடிக்கும் போராட்டம் ஒன்று நடந்தது. அரசாங்கத்துக்குச் சாவு மணியாம். ஊரடங்கு போட்டிருந்த இரவில், மாடிக்கு மாடி, வீட்டுப் பெண்கள் சாப்பாட்டுத் தட்டுகளை அடித்த சத்தம் தெருத்தெருவாகப் பரவிக்கொண்டே போனது. எங்கள் அறை நண்பர், கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்திருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார். மறுநாளிலிருந்து அவர் தட்டில் ரசம் ஊற்றினால் ஒரே பக்கமாக ஓடும்.

ராணுவம் வந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் அதில் நிறைய. சில இடங்களில் மாணவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களின் வீட்டுக்கே போய் மிரட்டி ராஜினாமா எழுதி வாங்கினார்கள். அதையும் மறைக்கக் கூடாது. பிப்ரவரி 9 அன்று சிமன்பாய் பதவி விலகினார். மார்ச்சில் சட்டமன்றமே கலைந்தது. தீ அதற்குள் பீகாருக்குத் தாவி, மூத்த சோசலிசத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் கைக்குப் போய்விட்டது. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

அதன்பிறகு நடந்ததைத்தான் யாரும் பேசுவதில்லை. 1975 ஜூனில் குஜராத்தில் எதிர்க்கட்சிகளின் ஆட்சி வந்தது; அதற்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர், புதுக் கட்சி தொடங்கியிருந்த அதே சிமன்பாய். 1990-இல் அவரே மறுபடி முதலமைச்சர். 1994-இல் இறக்கும்வரை அந்த நாற்காலியில்தான் இருந்தார். பீகார் போராட்டத்தில் பாட்னா பல்கலைக்கழக மாணவர் தலைவராக அன்று களத்தில் நின்ற லாலு பிரசாத், பின்னாளில் அந்த மாநில முதலமைச்சராகி, மாட்டுத்தீவன ஊழல் வழக்கில் தண்டனை பெற்றார்.

நான் ஆயுள் முழுக்கப் பேரேடு எழுதிப் பிழைத்தவன். ஆளை மாற்றினால் கணக்கு நேராகாது என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும். ஒரு கேஷியர் கையாடினால் அவரை அனுப்பிவிடலாம். வவுச்சர்களை எடுத்துப் பார்க்காமல் விட்டால் அடுத்தவரும் அதே இழுப்பறையைத்தான் திறப்பார். குஜராத் மாணவர்கள் கேட்டது ராஜினாமா. கிடைத்தது. எந்த வியாபாரி எவ்வளவு கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்ற காகிதம் வேண்டும் என்று யாரும் கோஷம் எழுப்பியது என் காதில் விழுந்ததில்லை.

செர்பியாவை நான் மெச்சுவது இதற்காகத்தான். 2024 நவம்பர் 1-இல் கூரை விழுந்து 16 உயிர் போனது. பழுதுபார்த்துத் திறந்து கொஞ்ச காலமே ஆன ரயில் நிலையம். கூரை அந்தப் பணியில் சேரவில்லை என்று முதலில் அதிகாரத்தில் இருந்தவர்கள் சாதித்தார்கள். மாணவர்கள் வைத்த முதல் கோரிக்கை, அந்தக் கட்டுமானத்தின் ஆவணங்கள் அத்தனையையும் வெளியிடு என்பது. அரசு ஒரு கட்டு ஆவணங்களை வெளியிட்டதும், இது முழுசு இல்லை என்றார்கள். ஜனவரியில் பிரதமர் பதவி விலகுவதாக அறிவித்தபோதும், நாங்கள் அதைக் கேட்கவில்லையே என்று மறியலைத் தொடர்ந்தார்கள். அந்த இடத்தைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். மே மாதம் அவர்களும் தேர்தல் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது உண்மை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனால் வேறென்ன செய்வார்கள்? ஆனாலும் என் கணக்கில் அந்த முதல் கோரிக்கைதான் பெரிது.

"படிக்கிற வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. விடுதி மாணவனைப்போல விலைவாசியைத் தட்டில் நேராகப் பார்க்கிறவன் வேறு யார்? என் பேரன் இங்கே ஒரு கல்லூரி விடுதியில் இருக்கிறான். டிவைடிங் சிஸ்டம், மாதச் செலவை ஆள்கணக்கில் வகுத்து பில் போடுவார்கள். இந்த வருடம் மெஸ் கமிட்டியில் அவனையும் சேர்த்திருக்கிறார்கள். போன மாதம் அரிசி ரசீதைக் காட்டச் சொன்னானாம். "உனக்கு எதுக்குப்பா அது, கையெழுத்தைப் போடு" என்றாராம் பொறுப்பாளர். இவன் போடவில்லை. நாலு நாள் கழித்து ஒரு பாலித்தீன் பையில் ரசீதுகள் வந்திருக்கின்றன, தேதி வரிசை இல்லாமல்.

பொங்கல் லீவுக்கு வருகிறான். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கண்புரை அறுவைக்குப் பிறகு சின்ன எழுத்தும் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைக் கணக்கர்,
கோயம்புத்தூர்.